காவிரிக் கரையில் நான்கு நாள்: குடகா, திருச்சியா, கும்பகோணமா?

தங்கை குடும்பத்தோடு நான்கு நாள் விடுப்பில் வருகிறாள். அவளும் கணவரும், பத்து வயதிலும் பதின்மூன்று வயதிலும் இரண்டு பிள்ளைகள், கூடவே எழுபதைத் தாண்டிய அம்மா. "காவிரிக்கரைக் கோயிலெல்லாம் பாக்கணும், எங்கே போறதுன்னு நீயே முடிவு பண்ணிச் சொல்லுண்ணா" என்றாள். அம்மா கேட்டது ஒன்றுதான்: "நாம போற அன்னிக்கு ஆத்துல தண்ணி ஓடுமா?"

அந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வேனில் இரண்டே நாளில் ஒன்பது நவக்கிரகக் கோயில்களையும் பார்த்துவிட்டுத் திரும்பியவன் நான். காவிரியைப் பாலத்தின் மேலிருந்து நாலைந்து முறை கடந்திருப்போம். ஒரு முறைகூடப் படித்துறையில் இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. இத்தனை கோயில்களும் இங்கே எழுந்ததற்கே அந்த ஆறுதான் காரணம், அதற்கு ஒரு கை தண்ணீர் அள்ளி விடாமல் வந்திருக்கிறோம். அதனால் இந்த முறை கோயில்களின் எண்ணிக்கையை ஒதுக்கிவிட்டேன். எந்தப் பகுதியில் கோயிலும் ஆறும் இன்னும் ஒன்றோடொன்று உறவாக இருக்கின்றன, அங்கே அம்மாவால் இறங்க முடியுமா, இந்த இரண்டை மட்டும் வைத்துப் பார்த்தேன்.

நதி ஏறத்தாழ 800 கிலோமீட்டர். நான்கு நாளில் முழுவதையும் பார்க்க நினைப்பவர்கள் காரின் பின்சீட்டைத்தான் பார்ப்பார்கள். மூன்று துண்டுகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும்: தலைக்காவிரி முதல் தலக்காடு வரையுள்ள மேல்பகுதி, முக்கொம்பு முதல் திருவையாறு வரையுள்ள நடுப்பகுதி, கும்பகோணம் முதல் பூம்புகார் வரையுள்ள கடைப்பகுதி.

முதலில் மாதம், பிறகுதான் ஊர்

1934-இல் மேட்டூர் அணை வந்ததிலிருந்து டெல்டாவின் காவிரி அணையின் கணக்கில்தான் ஓடுகிறது. ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். அணையில் நீர் இருப்பைப் பொறுத்துத் திறப்பு முன்னே பின்னே போகும். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேரவே சில நாள் ஆகும், அங்கிருந்து மயிலாடுதுறைப் பக்கம் போக இன்னும் சில நாள். மாசியிலிருந்து வைகாசி வரை திருவையாற்றுப் படித்துறையில் நின்றால் எதிரே தெரிவது மணல்தான். பையன்கள் அதில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

மேல்பகுதியான குடகில் இதற்கு நேர்மாறு. ஆனி முதல் ஆவணி வரை அங்கே மழை கொட்டித் தீர்க்கும், வயதானவர்களோடு அந்த மலைச்சாலையில் போவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். மழை விட்டபின் ஐப்பசியிலிருந்து தை வரை நல்ல காலம்.

ஆக மூன்று பகுதிக்கும் பொதுவாக ஒத்துவருகிற மாதம் ஐப்பசி. துலா மாதம் என்று காவிரிக்கே உரிய மாதமும் அதுதான். ஐப்பசி அடைமழை என்று நம்மவர்கள் சொல்வதையும் மறக்கக் கூடாது. டெல்டாவில் ஒரு நாள் முழுக்க அறையிலேயே உட்கார்ந்திருக்க நேரலாம். தங்கைக்கு ஆடியிலும் ஐப்பசியிலும் லீவு கிடைக்கும் என்பதால் பேச்சு மேலே போனது. பங்குனி, சித்திரையில் மட்டுமே லீவு கிடைக்கிறவர்களுக்கு நான் காவிரியைச் சொல்லவே மாட்டேன். அவர்கள் தாமிரபரணிக்குப் போகலாம். இரண்டு பருவமழையும் பெறும் ஆறு அது. ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி சுற்றியுள்ள நவதிருப்பதிகளை ஒரே நாளில் நிதானமாகச் சேவிக்கலாம், பாபநாசத்தில் குளிக்கலாம், ஆதிச்சநல்லூரும் வழியில்தான்.

மேல்பகுதி: ஆறு அழகு, வழி கடினம்

தலைக்காவிரியில் ஆறு என்று ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. பிரம்மகிரி மலையில் குண்டிகை என்கிற ஒரு சின்ன ஊற்றுத் தொட்டி, அதை ஒட்டி ஒரு குளம், அவ்வளவே. துலா சங்கராந்தி அன்று அந்தக் குண்டிகையில் நீர் பொங்கி எழும் என்று குடகு மக்கள் குடும்பம் குடும்பமாகக் காத்திருப்பார்கள். இறங்கி வந்தால் பாகமண்டலம். அங்கே கன்னிகே நதி காவிரியோடு சேர்கிறது, கண்ணுக்குத் தெரியாத சுஜ்யோதியும் சேர்வதாக நம்பிக்கை. இவ்வளவு சிறியதாகவா இது தொடங்குகிறது என்று ஒரு நிமிஷம் நின்றுவிடுவோம்.

அங்கிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம் வர 150 கிலோமீட்டருக்கு மேல். காவிரி இரண்டாகப் பிரிந்து சூழும் தீவு, ஆதிரங்கன் கோயில், அதைச் சூழ்ந்து 1799 மே 4-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த கோட்டை. பிள்ளைகளுக்கு வரலாறு பிடிக்கும் என்றால் இந்த ஓர் ஊரே ஒரு நாளைக்குக் காணும். தரியா தௌலத் மாளிகையின் சுவர் ஓவியங்களை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன், மூன்றாவது முறையும் போவேன்.

சோமநாதபுரத்துக் கேசவர் கோயில் 13-ஆம் நூற்றாண்டில் போசளத் தளபதி சோமநாதன் கட்டியது. 2023-இல் பேலூர், ஹளேபீடுவோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சிற்பிகள் தங்கள் பெயரைக் கல்லிலேயே பொறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள், மல்லிதம்மா என்ற பெயர் அங்கே பல சிற்பங்களின் அடியில் இருக்கிறது. நம் சோழர் கோயில்களைச் செதுக்கியவர்களில் எத்தனை பேரை நாம் பெயர் சொல்லி அறிவோம்? ஆனால் அந்தக் கோயிலில் பூஜை இல்லை. அம்மாவுக்கு விளக்கு எரியாத கோயில் கோயிலாகவே படாது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தலக்காடு மணலில் புதைந்த ஊர். கங்கர்களின் தலைநகராக இருந்து, சோழர் கைக்கு வந்தபோது ராஜராஜபுரம் என்று பெயர் மாறியது. பிறகு போசள விஷ்ணுவர்தனன் அதைப் பிடித்து, தலக்காடு கொண்டவன் என்று பட்டம் சூடிக்கொண்டான். கீர்த்தி நாராயணர் கோயில் அந்த வெற்றியின் அடையாளம். "தலக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும்" என்று அலமேலம்மா சாபமிட்டுக் காவிரியில் குதித்த கதையைப் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள். ஆறு வளையும் இடத்தில் சேர்ந்த மணலைக் காற்று அள்ளிக் கோயில்கள்மேல் கொட்டியிருக்கிறது. மணலில் வெறுங்காலோடு வெகுதூரம் நடக்க வேண்டும் என்பதால், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஆகாது.

அழகில் இந்தப் பகுதிக்கு ஈடே கிடையாது. ஆனால் குடகின் தலைமையூரான மடிக்கேரிக்கு ரயில் இல்லை, இரண்டு ஊரில் தங்க வேண்டும், நான்கில் ஒன்றரை நாள் காரிலேயே போய்விடும். பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் வளர்ந்தபின் அவர்கள் மட்டும் போகட்டும்.

கடைப்பகுதி: கலை மிகுதி, நீர் குறைவு

கும்பகோணத்தை வேண்டாமென்று சொல்ல எனக்கு நெஞ்சு வரவில்லை. ஒரே ஊரில் சாரங்கபாணி, சக்கரபாணி, ஆதிகும்பேசுவரர், ராமசாமி, நாகேசுவரன். நாகேசுவரன் கோயில் கோஷ்டங்களில், அதாவது கருவறைச் சுவர் மாடங்களில் நிற்கும் ஆண், பெண் உருவங்களைப் பார்த்தால் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய நம் முகங்கள் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நம்பத் தோன்றும். பக்கத்தில் தாராசுரம், இரண்டாம் ராஜராஜன் எடுத்த ஐராவதேசுவரர் கோயில். நாயன்மார் கதைகளைச் சாண் உயரம்கூட இல்லாத சிற்பங்களாக வரிசையாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். சுந்தரருக்காக முதலை வாயிலிருந்து பிள்ளை மீண்டு வரும் காட்சியைத் தேடிக் கண்டுபிடிப்பது பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு.

ஆனால் இந்தப் பகுதியில் என்னை மிகவும் கவர்ந்தது ஒரு கோயில் இல்லை, சுவாமிமலையின் ஸ்தபதி பட்டறை. முதலில் மெழுகில் உருவம் செய்கிறார்கள். அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணைக் குழைத்துப் பூசுகிறார்கள். மாவுபோல நைசான மண், கண் இமையின் கோடுகூட அதில் அப்படியே பதிந்துவிடும். காய்ந்தபின் சூடாக்கினால் மெழுகு உருகி வெளியேறும், அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை வார்ப்பார்கள். பிறகு மண்ணை உடைத்தால் சாமி. அச்சு உடைந்துவிடுவதால் அதே உருவம் இன்னொரு முறை வராது. எங்கெங்கோ கோயில்களில் வழிபாட்டில் இருக்கும் நடராஜர்கள் இந்த ஆற்று மண்ணுக்குள் பிறந்தவர்கள் என்று நினைத்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. எந்தப் பகுதியைத் தேர்ந்தாலும் இதற்கு மட்டும் அரை நாள் ஒதுக்குங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

கிழக்கே போனால் திருபுவனம், மூன்றாம் குலோத்துங்கன் கோயில். அடுத்து திருவிடைமருதூர், தைப்பூசத்துக்குச் சுவாமி காவிரியில் தீர்த்தம் கொடுக்கிற ஊர். பிறகு மயிலாடுதுறை. ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகாது என்பார்கள். கங்கை உள்ளிட்ட எல்லா நதிகளும் ஐப்பசியில் இங்குள்ள துலாக்கட்டப் படித்துறைக்கு வந்து தங்கள் பாவத்தைக் கழுவிக்கொள்வதாக நம்பிக்கை. மாதக் கடைசி நாள் கடைமுழுக்கு. நடக்க முடியாமல் ஒரு நாள் தாமதித்து வந்தவருக்காக இறைவன் இரங்கிக் கொடுத்தது கார்த்திகை முதல் நாளின் முடவன் முழுக்கு. தாமதமாக வந்தவனுக்கும் ஒரு நாள் என்கிற இந்த மனம் எனக்கு எத்தனை கோபுரங்களைவிடவும் பெரிதாகத் தெரிகிறது.

நீர்தான் கவலை. இங்கே வருவதற்குள் குடமுருட்டி, அரசலாறு என்று பிரிந்து, வயல்களுக்கும் பாய்ந்து, காவிரி மெலிந்துவிடும். 2017 காவிரி புஷ்கர நீராட்டு விழாவின்போது துலாக்கட்டத்தில் ஆற்றுக்குள்ளேயே தொட்டி கட்டி நீர் நிரப்ப வேண்டியிருந்தது. பூம்புகாரில் கடலோடு சேரும்போது ஒரு வாய்க்கால் அளவுதான் மிஞ்சுகிறது. கீழையூரில் தொல்லியல் துறை தோண்டி எடுத்த செங்கல் படகுத்துறையைப் பார்த்துவிட்டு இந்தச் சிறு முகத்துவாரத்தில் நின்றால், கப்பல் வந்துபோன துறைமுகமா இது என்று நம்ப முடியாது. எனக்கு அதில் வருத்தம் கிடையாது. மீதி நீரெல்லாம் நெல்லாகிவிட்டது. முன்னோர் காரியத்துக்காக ஆடி அமாவாசைக்கோ தை அமாவாசைக்கோ வருகிறவர்கள் இந்தச் சங்கமத்துக்குத்தான் வர வேண்டும், அதில் மறுபேச்சில்லை.

நடுப்பகுதி: கோயில் ஆற்றுக்கு வருகிற இடம்

முக்கொம்பில் காவிரி இரண்டாகிறது, வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. இரண்டுக்கும் நடுவே ஸ்ரீரங்கம். 156 ஏக்கர், ஏழு பிராகாரம், 21 கோபுரம் என்ற கணக்கெல்லாம் எல்லோருக்கும் தெரியும். நூற்றாண்டுகளாக மொட்டையாக நின்ற ராஜகோபுரம் 1987-இல் 236 அடி உயரத்தில் முடிந்ததும் தெரியும். அம்மாவுக்காக நான் பார்த்தது வேறு. வெளிப் பிராகாரங்கள் வீடும் கடையும் உள்ள தெருக்கள், அதனால் ஆட்டோ ரங்கா ரங்கா கோபுரம் வரை போய்விடும். நடை பாதியாகக் குறைகிறது.

ஆற்றோடு இந்தக் கோயிலுக்கு இருக்கும் உறவு இன்றும் உயிரோடு இருக்கிறது. மற்ற மாதங்களில் பெருமாள் திருமஞ்சனத்துக்குக் கொள்ளிடத்திலிருந்து தண்ணீர். ஐப்பசி முழுவதும் மட்டும் அம்மா மண்டபம் படித்துறையிலிருந்து தங்கக் குடத்தில் யானைமேல் காவிரி நீர் போகும். ஆடியிலோ நம்பெருமாளே அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளி, புடவை, மாலை, தாலிப்பொட்டு என்று காவிரித் தாயாருக்குச் சீர் கொடுப்பார். பிறந்த வீட்டுச் சீர் மாதிரி. மூன்று பகுதிகளிலும் தெய்வம் ஆற்றுக்குச் செய்கிற இவ்வளவு நெருக்கமான மரியாதையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அம்மா மண்டபத்தின் படிகளும் அகலமானவை. கூட்டம் இல்லாத நாளில் வயதானவர்கள் கைபிடித்து இறங்கி இரண்டு படி நனையலாம்.

இரண்டு கிலோமீட்டரில் திருவானைக்காவல். பஞ்சபூதங்களில் நீருக்குரிய அப்புத் தலம், ஜம்புகேசுவரர் கருவறையில் நீர் கசிந்துகொண்டே இருக்கும். உச்சிக்காலத்தில் அர்ச்சகர் புடவை கட்டி, அகிலாண்டேசுவரியாகவே வந்து சுவாமிக்குப் பூஜை செய்வார். பகல் பன்னிரண்டு மணியை ஒட்டி அங்கே இருக்கும்படி நாளை அமைத்துக்கொள்ளுங்கள். மற்ற கோயில்கள் பெரும்பாலும் அந்த நேரத்தில் நடை சாத்திவிடும், இங்கே அதுவே பார்க்க வேண்டிய நேரம்.

மலைக்கோட்டையில் எல்லோரும் மூச்சு வாங்க உச்சிப்பிள்ளையாரை நோக்கி ஏறுகிறார்கள். ஏறும் வழியில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைந்த குகை இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஏழாம் நூற்றாண்டு. கங்கையைச் சடையில் தாங்கும் சிவன் ஒரு சுவரில், பக்கத்தில் மன்னனின் வடமொழிக் கல்வெட்டு. அதன் கருத்து இது: நதிகளை விரும்பும் சிவன் இந்த அழகிய காவிரியைக் கண்டால் இவள்மேலும் ஆசைப்பட்டுவிடுவானோ என்று அஞ்சி, மலைமகள் பிறந்த வீட்டை விட்டு இந்தக் குன்றிலேயே வந்து தங்கிவிட்டாள், காவிரி பல்லவனின் காதலி என்று சொல்லிக்கொண்டே. இதைத் தெரிந்துகொண்டு அங்கிருந்து கீழே பாருங்கள், ஆறு வேறு மாதிரித் தெரியும். அம்மா அடிவாரத்தில் மாணிக்க விநாயகர் சன்னிதியில் இருக்கட்டும், பிள்ளைகள் ஏறட்டும்.

திருச்சியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் கல்லணை. கரிகாலன் கட்டியதென்று நம் மரபு சொல்லும் அணை. ஆற்று மணலில் கல்லைப் போட்டால் அது புதையும், அதன்மேல் இன்னொரு கல், அதுவும் புதையும், அடியில் கெட்டிப்பட்டதும் மேலே அணை. 19-ஆம் நூற்றாண்டில் காவிரியில் மணல் மேடிட்டு, தாழ்ந்து கிடந்த கொள்ளிடத்துக்கு நீர் ஓடிப்போகத் தொடங்கியபோது ஆர்தர் காட்டன் அதைச் சரிசெய்ய முக்கொம்பில் மேலணையைக் கட்டினார், 1836-இல். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நாலு வழியாக நீர் பிரிவதை அங்கே நின்று பார்க்கலாம். பள்ளிக்கூடப் பாடம் கண்முன்னே ஓடும். நீர் திறந்திருக்கும்போது மதகுகளுக்கு அருகே மட்டும் இறங்கக் கூடாது, இழுப்பு அதிகம்.

கல்லணையிலிருந்து ஆற்றை ஒட்டியே ஒரு மாநில நெடுஞ்சாலை காவிரிப்பூம்பட்டினம் வரை போகிறது. அந்தப் பெயரிலேயே அழைக்கப்படும் சாலை. கோவிலடியில் அப்பக்குடத்தானைச் சேவித்துவிட்டு, மரநிழலில் ஆற்றைப் பார்த்தபடி திருவையாறு போகலாம். எனக்குத் தெரிந்து காவிரியை உடன் அழைத்துக்கொண்டு போகிற மாதிரியான பயணம் இதுதான்.

திருவையாற்றில் ஐயாறப்பர் கோயிலுக்குள் வடகைலாயத்தைத் தவறவிடாதீர்கள். ராஜராஜன் தேவி உலகமாதேவி எடுத்தது. பெரிய கோயிலைக் கட்டியவனின் மனைவி தனக்கென்று கட்டிய அளவான கோயில். மாலையில் தியாகராஜர் சமாதிக்கு அருகே கரையில் உட்காரலாம். தையில் ஆராதனை சமயத்தில் மேளமும் பாட்டும் கூட்டமும். மற்ற நாளில் தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

இந்தப் பகுதிக்கும் குறை உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலை எல்லோரும் காவிரிக்கரைக் கோயில் என்றே சொல்கிறார்கள். அது காவிரிக் கரையில் இல்லை, திருவையாற்றிலிருந்து 13 கிலோமீட்டர் தெற்கே. கங்கைகொண்ட சோழபுரமோ கொள்ளிடத்துக்கும் வடக்கே. ஆற்றை மட்டுமே பார்ப்பேன் என்று பிடிவாதமாக இருந்தால் 1010-இல் முடிந்த அந்த விமானத்தை விட வேண்டிவரும். அவ்வளவு பிடிவாதம் எனக்கு இல்லை.

ஆகவே தங்கைக்கு எழுதிவிட்டேன். ஐப்பசி இரண்டாம் வாரம், திருச்சிக்கு ரயில். முதல் நாள் காலை அம்மா மண்டபம், யானை, ஸ்ரீரங்கம், மாலையில் ஓய்வு. இரண்டாம் நாள் காலையில் மலைக்கோட்டைக் குகை, பன்னிரண்டுக்குத் திருவானைக்காவல். மூன்றாம் நாள் கல்லணை வழியாகத் திருவையாறு, இரவு தஞ்சாவூரில். நான்காம் நாள் கல் சுடுவதற்குள் பெரிய கோயில், பிறகு நேரம் இருந்தால் சுவாமிமலைப் பட்டறை மட்டும். மழை வந்து ஒரு நாள் போனால் விட வேண்டியது மலைக்கோட்டையை, திருவையாற்றை விட வேண்டாம்.

"அப்ப கும்பகோணத்தை 2028 மகாமகத்துக்கு வெச்சுக்கலாமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். 1992 மகாமக நெரிசலில் பலர் உயிர் போனது. வயதானவர்களையும் பிள்ளைகளையும் அந்தக் கூட்டத்துக்கு அழைத்துப்போக எனக்குத் துணிவில்லை. அடுத்த ஆண்டு ஆடியில், மயிலாடுதுறைக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று உறுதியாகத் தெரிந்த பிறகு, கும்பகோணத்தில் மூன்று நாள் அறை போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.